பேரன் கேட்ட கம்பி



போன வாரம் மகள் வயிற்றுப் பேரன் பேஸ் கிடாரோடு வந்து நின்றான். "தாத்தா, கம்பி மாத்தணும். பிளாட்வவுண்டா, ரவுண்ட்வவுண்டா?" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. 35 வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவன் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போக மனசு வருமா? நான்கு நாள் உட்கார்ந்து படித்தேன்.

படிக்கட்டுக் கைப்பிடியில் கயிறு சுற்றினால் மேடு பள்ளமாக இருக்கும், நாடா சுற்றினால் வழவழப்பாக இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டிலும் உள்ளே எஃகுக் கம்பி. மேலே உருண்டைக் கம்பி சுற்றினால் ரவுண்ட்வவுண்ட்: பளீரென்ற ஒலி, விரல் நகர்ந்தால் கிறீச். பட்டைக் கம்பி சுற்றினால் பிளாட்வவுண்ட்: கனமான, அடங்கிய ஒலி.

1951இல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' கிடாரைக் கொண்டுவந்தார். அதுவரை ஆள் உயரத்துக்கு மேலான டபுள் பேஸைத்தான் நிறுத்தி வைத்து வாசித்தார்கள். அந்தக் குரல் பழகிய காதுகளுக்கு பிளாட்வவுண்டே பொருந்தியது. 1966இல் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனம், 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து பியானோ போல ஒலிக்கும் ரவுண்ட்வவுண்டை உருவாக்கியது. பிறகு பெரும்பாலோர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

போகாத ஒருவர் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனத்தில் பேஸ் வாசித்தவர். 1960களில் அந்த நிறுவனத்தின் ஹிட் பாட்டுகளில் பெரும்பாலானவற்றின் அடியில் ஓடுவது அவர் விரல்தான். ஆமாம், ஒரே விரல், வலது ஆள்காட்டி விரல்! 'லா பெல்லா' என்ற தடித்த பிளாட்வவுண்டைப் போட்டிருந்தார். அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். கம்பியில் படியும் அழுக்குதான் ஒலியைக் காக்கிறது என்பது அவர் கட்சி. (இதை மட்டும் பேரனிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே கை கழுவ மாட்டான்.)

ஆனால் இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் வராது. மோடவுன் வாத்தியக்காரர்களின் பெயரைப் போட்டது 1971இல், மார்வின் கேயின் ஆல்பத்தில். அடுத்த வருஷமே நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம் மாறியது. இவரும் பின்னாலேயே போனார், பழைய வேலை கிடைக்கவில்லை. 1983இல் மோடவுன் வெள்ளி விழா நடந்தபோது, டிக்கெட் வாங்கிக்கொண்டு மாடி இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் 47 வயதில் காலமானார். அதற்குச் சில நாள் முன்பு அந்தக் கிடாரும் திருட்டுப் போனது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. ஓர் ஆண்டு விழாவில் நன்றியுரை நான்தான். பாடியவர்கள், ஆடியவர்கள் எல்லோரையும் சொன்னேன். இரண்டு மணி நேரம் மிருதங்கம் வாசித்த பையனை விட்டுவிட்டேன். மேடைக்குப் பின்னால் வாத்தியத்துக்கு உறை போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. தம்பி, நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். மன்னித்துக்கொள்.

பேரனுக்கு பிளாட்வவுண்டே வாங்கினோம். அவன் குழு வாசிப்பது பழைய சினிமாப் பாட்டு, அதற்கு இது போதும். கட்டை விரலால் கம்பியைத் தட்டி வாசிப்பவன் என்றால் ரவுண்ட்வவுண்டே நல்லது. ஜேமர்சன் போட்ட தடிமன் வேண்டாம் என்றேன், விரலும் தாங்காது, இழுப்பில் கிடாரின் கழுத்தும் வளையும். விலைதான் கொஞ்சம் கூடுதல், ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

மூன்று நாளாக வீட்டில் கிறீச் சத்தம் இல்லை.