அரசு ஊழியர்களுக்கு எப்போது, எங்கே பயிற்சி? சீட்டில் உட்கார்ந்த பிறகு பாடம் நடப்பது ஏன்? முழு விவரம்

எலவனாசூர்கோட்டையைச் சேர்ந்த ஒருவர் ஒரு அரசு அலுவலகத்துக்கு தகவல் உரிமை மனுவோடு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் இருப்பவர் வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம் ஆனவர். மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க ஆபீஸ் இல்லைங்க, வேற இடத்துல கொடுங்க" என்று திருப்பிக் கொடுக்கிறார். வந்தவருக்கு ஒரு நாள் கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு.

ஆனால் சட்டம் சொல்வது வேறு. தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் 6(3) பிரிவுப்படி, கேட்ட தகவல் வேறு அரசு அமைப்பிடம் இருந்தால், மனுவை வாங்கிய அலுவலகமே அதை 5 நாட்களுக்குள் அங்கே அனுப்ப வேண்டும். அனுப்பியதை மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். பொதுத் தகவல் அலுவலர்களுக்கு அரசு பயிற்சி தரலாம் என்பதும் அதே சட்டத்தின் 26-ஆவது பிரிவில் இருக்கிறது.

அப்படியென்றால் அந்தப் புது ஊழியருக்கு இதை யார், எப்போது சொல்லித் தருகிறார்கள்?

தேர்வில் பாஸ் ஆனால் போதாதா?

போதாது. இளநிலை உதவியாளர், தட்டச்சர், விஏஓ உள்ளிட்ட பணிகளுக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு மூலம் ஆள் எடுக்கிறார்கள். மொத்தம் 200 கேள்விகள். அதில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கு மற்றும் திறனறிவு. தன்பதிவேட்டில் தபாலை எப்படி ஏற்றுவது, கோப்பில் குறிப்பு எப்படி எழுதுவது என்பதெல்லாம் அந்தத் தேர்வில் வராது. அதை வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கற்க வேண்டும்.

பவானிசாகரில் என்ன நடக்கிறது?

அமைச்சுப் பணியாளர்களுக்கான அடிப்படைப் பயிற்சி, ஈரோடு மாவட்டம் பவானிசாகரில் உள்ள அரசு அலுவலர் பயிற்சி நிலையத்தில் நடக்கிறது. ஊழியர்கள் பேச்சில் 'பவானிசாகர் ட்ரெய்னிங்'. எலவனாசூர்கோட்டையில் இருந்து கிளம்பினால் கள்ளக்குறிச்சி, சேலம், பவானி, சத்தியமங்கலம் வழியாக 200 கிலோமீட்டருக்கும் மேல். அங்கேயே தங்கித்தான் படிக்க வேண்டும்.

அலுவலக நடைமுறை, அடிப்படை விதிகள், விடுப்பு விதிகள், 1973-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள், சம்பளப் பட்டியல், கருவூல வேலை என எல்லாமே பாடம்தான்.

இதைத் தள்ளிப்போட்டால் ஊழியருக்கும் நஷ்டம். தகுதிகாண் பருவம் என்பது தொடர்ச்சியான 3 ஆண்டுகளுக்குள் 2 ஆண்டுகள் பணியில் இருக்க வேண்டிய காலம். அதை முடித்ததாக ஆணை வாங்க, அடிப்படைப் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். இது போக, டிஎன்பிஎஸ்சி ஆண்டுக்கு இருமுறை நடத்தும் துறைத் தேர்வுகளையும் பதவிக்கு ஏற்ப எழுத வேண்டும். பதவி உயர்வு இதில்தான் தொங்கி நிற்கும்.

மற்றவர்களுக்கு எங்கே?

* அலுவலர்களுக்கு: சென்னையில் அண்ணா மேலாண்மை நிலையம். இப்போது அண்ணா நிர்வாகப் பணியாளர் கல்லூரி.
* ஊரக வளர்ச்சி, ஊராட்சிப் பணியாளர்களுக்கு: மறைமலைநகரில் உள்ள மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம்.
* நில அளவையர்களுக்கு: தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் உள்ள பயிற்சி நிலையம்.
* மத்திய அரசு ஊழியர்களுக்கு: 2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'மிஷன் கர்மயோகி' திட்டத்தின் ஆன்லைன் பாடங்கள். அஞ்சல் துறைக்கென 2022-இல் 'டாக் கர்மயோகி' வந்தது. கிராமத்து தபால் ஊழியரும் செல்போனிலேயே படிக்கலாம்.

முதலில் பயிற்சியா, முதலில் வேலையா?

இங்கேதான் முக்கியமான வித்தியாசம். எலவனாசூர்கோட்டையில் இருந்து உளுந்தூர்பேட்டையைத் தாண்டி கிழக்கே போனால், கடலூர் மாவட்டத்தில் நெய்வேலி. அங்குள்ள பொதுத்துறை நிறுவனமான என்எல்சி-யின் சுரங்கத்துக்குள் புதிதாக ஒருவரை நேரடியாக வேலைக்கு இறக்க முடியாது. 1966-ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள்படி, முதலில் பயிற்சி, பிறகுதான் வேலை. 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புத்தாக்கப் பயிற்சியும் உண்டு. காரணம் எளிது. அங்கே தெரியாமல் செய்த தவறு உயிரை வாங்கிவிடும்.

காவலர்களும் பயிற்சி முடித்துத்தான் ஸ்டேஷனுக்கு வருகிறார்கள். ஐஏஎஸ் தேர்வானவர்களும் முதலில் போவது முசோரி அகாடமிக்குத்தான். ஆனால் மக்கள் தினமும் பார்க்கும் சீட்டில் இருப்பவருக்கு, வழக்கமாக முதலில் வேலை, பேட்ச் வரும்போது பயிற்சி. இடைப்பட்ட நாட்களில் பக்கத்து சீட்டு சீனியர் சொல்வதுதான் பாடம். சீனியர் சரியாகச் சொன்னால் நல்லது. தவறான வழக்கத்தைச் சொன்னால் அதுவே பழகிவிடும்.

அதனால் மக்களுக்கு என்ன பாதிப்பு?

சாதிச் சான்றிதழையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் சாதியினருக்குத் தருபவர் தாசில்தார். பழங்குடியினருக்குத் தருபவர் கோட்டாட்சியர். கல்வராயன் மலையில் இருந்து இறங்கி வரும் ஒரு மாணவியை இது தெரியாமல் தவறான இடத்துக்கு அனுப்பினால், கல்லூரி சேர்க்கையின் கடைசித் தேதி காத்திருக்காது. சுரங்க விபத்து மாதிரி இது வெளியே தெரிவதில்லை. ஆனால் ஒரு வருடப் படிப்பு போய்விடும்.

பயிற்சிப் பிரிவில் இருப்பவரின் வேலை என்ன?

வகுப்பு எடுப்பது அதில் ஒரு பகுதிதான். யாருக்கு இன்னும் பயிற்சி வரவில்லை, எந்த சீட்டில் எந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது என்று பட்டியல் போட வேண்டும். பெயரை அனுப்ப வேண்டும். அதைவிடக் கஷ்டம், ஊழியரை அலுவலகத்தில் இருந்து விடுவிக்க வைப்பது. காலிப் பணியிடம் உள்ள இடத்தில் "இப்போ ஆள் இல்லை, அடுத்த பேட்ச்ல போகட்டும்" என்பதுதான் பதிலாக வரும். அந்த சீட்டைப் பார்க்க மாற்று ஆள் இருந்தால் மட்டுமே இது தீரும்.

பணமும் வேண்டும். ஒவ்வொரு துறையும் சம்பள பட்ஜெட்டில் குறைந்தது 2.5 சதவீதத்தை பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் தேசியப் பயிற்சிக் கொள்கை சொல்கிறது. இது மத்திய அரசுத் துறைகளுக்கான கொள்கை.

பயிற்சி பலன் தந்ததா என்று எப்படித் தெரியும்?

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் இதற்கு நான்கு படிகள் சொன்னார். வகுப்பு பிடித்ததா? பாடம் புரிந்ததா? சீட்டுக்குத் திரும்பிய பிறகு வேலை செய்யும் விதம் மாறியதா? அதனால் அலுவலகத்தின் பணி மேம்பட்டதா?

கடைசி நாளில் கருத்துப் படிவம் வாங்கினால் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். கடைசி இரண்டுக்கும் பதில் அலுவலகத்தில்தான் இருக்கிறது. திருப்பி அனுப்பப்பட்ட மனுக்கள் குறைந்தனவா, அதே வேலைக்கு மக்கள் இரண்டாவது முறை பஸ் ஏறுவது நின்றதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது

"இது எங்க ஆபீஸ் இல்லை" என்று சொல்லி தகவல் உரிமை மனுவை வாங்க மறுத்தால், 6(3) பிரிவைச் சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னாலும், அதை எழுத்தில் கொண்டுவர பொதுத் தகவல் அலுவலர் உதவ வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. சீட்டில் இருப்பவருக்குப் பயிற்சி இன்னும் வராமல் இருக்கலாம். சட்டம் ஏற்கெனவே அமலில்தான் இருக்கிறது.