ஒளிக்குக் காலம் உரைக்கும் ஒலி



கொழும்புக் கோட்டையில் சதாம் வீதி மணிக்கூண்டை நீங்கள் கண்டிருப்பீர்கள். 1857ஆம் ஆண்டில் எழுந்த அக்கோபுரத்தின் உச்சியிலே, பத்தாண்டுகளின் பின் கப்பல்களுக்கான வெளிச்சமும் ஏற்றப்பட்டது. 1952 வரை கடிகாரமும் விளக்கும் அங்கே ஒன்றாய்க் குடியிருந்தன. ஆயினும் ஒன்றன் பேச்சை மற்றது கேட்டதில்லை.

காலத்தை ஒலியாக்கி வீடுதோறும் அனுப்பும் வழக்கத்தை, 1924இல் பி.பி.சி. ஒலிபரப்பத் தொடங்கிய கிரினிச் ஆறொலி பரப்பியது. அந்த ஒலியை மனிதர் கேட்டனர். இயந்திரம் கேட்பதற்கான ஒலி 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவாயிற்று. தொலைக்காட்சி நாடாக்களைத் துல்லியமாக வெட்டி இணைக்கப் பிறந்த இந்த நேரக் குறியீடு, பின்னர் மேடை விளக்குகளுக்கும் ஏவலாளாயிற்று.

ஒரு நொடியை இருபத்தைந்து கூறாக்கி, ஒவ்வொரு கூற்றுக்கும் 80 குறிகளாக மணி, நிமிடம், நொடி ஆகியவற்றை அது ஓதுகிறது. நம் காதுக்கு அது வண்டின் இரைச்சலே! பாட்டு ஒரு தடத்திலும் இவ்விரைச்சல் மறு தடத்திலும் ஓட, விளக்கு மேசை அதைக் கேட்டு உரிய கணத்தில் ஒளியை மாற்றும்.

சில ஆண்டுகளுக்கு முன், மாளிகாவத்தைப் பிள்ளைகள் நடித்த நாட்டிய நாடகமொன்றில், போர்க்காட்சியின் நடுவே விளக்குகள் அசையாது நின்றன. மாதக்கணக்கில் ஆடிப் பழகிய பிள்ளைகள் அரையிருளில் தடுமாறினர். விளக்கையும் மேசையையும் எல்லோரும் பழித்தார்கள். பழியோ வேறிடத்தில் இருந்தது.

வீட்டு உபயோகக் கருவி தரும் சமிக்ஞை ஏறத்தாழ 0.3 வோல்ட், தொழில்முறைக் கருவிகள் வழங்குவதும் எதிர்பார்ப்பதும் ஏறத்தாழ 1.2 வோல்ட். நான்கிலொரு பங்கு வலிமையோடு வந்த குரலை, நீண்ட கம்பியில் கலந்த மின்சார முனகல் விழுங்கிவிட்டது. குறியீட்டின் பொருள் அலையின் உயரத்தில் இல்லை, அது மாறும் கணங்களில் இருக்கிறது என்பது மெய்யே. ஆனால் அம்மாற்றத்தை மேசை உணர்வதற்கேனும் உயரம் வேண்டுமல்லவா? மிகைப்படுத்தினாலோ, அவ்விரைச்சல் அயல் தடத்துப் பாட்டினுள் கசியும்.

ஆகவே பழகிய பொறியாளர் முதலில் அளவுமானியைப் பார்ப்பார். அனுப்பும் இடத்திலேயே ஒலியை உயர்த்துவார். முனகல் இருப்பின் இடையிலே தனிமைப்படுத்தும் மின்மாற்றியை வைப்பார். இசைக்கு இனிமை சேர்க்கும் திருகுகள் எதையும் அத்தடத்தில் தொடமாட்டார். சுருக்கிப் பதிந்த ஒலிக்கோப்பையும் ஏற்கமாட்டார்; சுருக்கத்தில் குறிகளின் விளிம்பு மழுங்கும். திரை விலகுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, பாட்டை ஓடவிட்டு, மேசையின் முகப்பில் எண்கள் தடையின்றி நகர்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்.