தற்கொலையால் துயருற்றோரும் திருச்சபையின் செவியும்: ஒரு வரலாற்று நோக்கு

தற்கொலை குறித்துத் திருச்சபை வழங்கிய தீர்ப்புகளை நம் பாடநூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அத்தீர்ப்புகளைக் கேட்டுக்கொண்டு கல்லறையோரம் நின்ற பெற்றோரையும் துணைவரையும் பிள்ளைகளையும் பற்றி அவை பேசுவது அரிது. அவர்கள் தங்கள் துயரை யாரிடம், எந்நிலையில் சொல்ல முடிந்தது என்னும் வினாவோடு இவ்வரலாற்றை நோக்குவோம்.

அகித்தோப்பேலின் முடிவைக் கூறும் அதே வசனம் (2 சாமு. 17:23), அவன் தன் தகப்பனுடைய கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டான் என்றும் கூறுகிறது. தீர்ப்புரை அங்கு இல்லை. பின்னாளில் அகுஸ்தீன், ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலின் தொடக்கப் பகுதியில், கொலையைத் தடுக்கும் கட்டளை தன்னுயிருக்கும் பொருந்தும் என வாதிட்டார். வன்கொடுமைக்கு உள்ளாகியும் உயிரோடிருந்த பெண்களைத் தேற்றுவதும் அவர் நோக்கமாயிருந்தது. ஆனால், 561-இல் கூடிய பிராகா சங்கம் தற்கொலை செய்துகொண்டோருக்குத் திருப்பலியில் நினைவுகூர்தலையும், சங்கீதங்களோடு கூடிய அடக்கத்தையும் மறுத்தது. 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலப் பொது ஜெபப் புத்தகமும் இவர்களுக்கு அடக்க ஆராதனை முறைமையைப் பயன்படுத்தலாகாது என விதித்தது. மிஷனெரிகளோடு அப்புத்தகம் நம் நாட்டிற்கும் வந்தது.

இங்கிலாந்தின் சட்டம் இன்னும் கடுமையாயிருந்தது. இறந்தவரின் அசையும் பொருள்கள் அரசுக்குச் சேர்ந்தன. உடல் நாற்சந்தியில் புதைக்கப்பட்டது. இறந்தவர் மனநிலை பிறழ்ந்திருந்தார் என மரண விசாரணைக் குழு முடிவு செய்தால் மட்டுமே குடும்பம் தப்பலாம். ஆகவே துயருற்றோர் தங்கள் கதையைச் சொன்ன முதல் இடம் விசாரணை மன்றமே. பொருளையும் கல்லறையையும் காக்கும் பொருட்டே அங்கே பேசினர், தேற்றரவு பெறுவதற்கன்று. 1823-ஆம் ஆண்டுச் சட்டம் நாற்சந்திப் புதைப்பை நீக்கினாலும், ஆராதனையின்றி இரவு 9 மணிக்கும் 12 மணிக்கும் இடையே அடக்கம் செய்யவே இடமளித்தது. 1870-இல் பொருள் பறிமுதலும், 1882-இல் இரவு அடக்கமும் ஒழிந்தன. குற்றம் என்னும் நிலை 1961-இல்தான் நீங்கியது.

இதற்கிடையே மாற்றம் ஒரு குருவானவரிடமிருந்து தோன்றியது. சாட் வரா 1935-இல், தம் ஊழியத்தின் தொடக்கத்தில், முதல் மாதவிலக்கைப் பால்வினை நோய் என்று அஞ்சி உயிர்துறந்த ஒரு சிறுமியை அடக்கம் செய்தார். அவளுக்குக் கேட்க ஒருவரும் இல்லை என்பது அவர் உள்ளத்தில் தங்கியது. 1953-இல் இலண்டனில் தம் ஆலயத்திலேயே ‘சமாரியர்கள்’ பணியைத் தொடங்கினார். அறிவுரை கூறும் நிபுணர்களைவிட, பொறுமையோடு செவிகொடுத்த சாதாரணத் தொண்டர்களே பலருக்குப் போதுமானவர்களாயினர்.

துயருற்றோரின் தேவையை ஆய்வுலகம் கண்டது அமெரிக்காவில். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் எட்வின் ஷ்னைட்மனும் உடன் பணியாளர்களும், இறப்பின் தன்மையை அறியும்பொருட்டுக் குடும்பத்தாரைப் பரிவோடு வினவினர். தகவல் பெறவே சென்றவர்கள், பேசியவர்கள் ஆறுதலடைவதைக் கண்டனர். 1972-இல் ஆல்பர்ட் கேன் பதிப்பித்த நூலொன்று இத்துயரையே பொருளாகக் கொண்டது; ஷ்னைட்மன் அதற்கு முன்னுரை எழுதினார். பின்னர் துயருற்றோர் தாமே கூடிப் பேசும் குழுக்கள் பல நாடுகளில் எழுந்தன. 2000-இல் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய குழுக்களைத் தொடங்கக் கையேடு வெளியிட்டது.

ஆயினும், எல்லாப் பேச்சும் நன்மை தருவதன்று. நாளேடுகளின் முதற்பக்கத் தற்கொலைச் செய்திகளைத் தொடர்ந்து தற்கொலைகள் மிகுவதை 1974-இல் டேவிட் பிலிப்ஸ் காட்டினார். வியன்னாவில் 1987-இல் செய்தி வெளியீட்டுக்கு நெறிமுறைகள் வகுக்கப்பட்டபின், சுரங்க இரயில் நிலையங்களில் இத்தகைய இறப்புகள் பெரிதும் குறைந்தன. ஆகவே மௌனம் சுமத்துவதும் தவறு. எவ்விதமேனும் பேசச்செய்வதும் தவறு.

நம் நாட்டில் 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அதன் கடுமையைத் தணித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தில் அப்பொதுப் பிரிவு இல்லை. சென்னையில் 1986 முதல் ‘சிநேகா’ செவிகொடுத்து வருகிறது. எனினும், தற்கொலை நிகழ்ந்த வீட்டிற்குக் காவல்துறை விசாரணை வருவது இன்றும் சட்டம். குடும்பத்தார் இன்றும் முதலில் பேசுவது விசாரிப்பவரிடமே.

இரண்டாவதாக அவ்வீட்டில் நுழைபவர் பெரும்பாலும் ஆயர். அவரும் விசாரிப்பவராகலாகாது. “ஏன்?” என்னும் வினாவைத் துயருற்றோர் கேட்கட்டும்; நாம் கேட்க வேண்டா. அவர்கள் பேச விரும்புங்கால், நம்பிக்கைக்குரிய சிறு வட்டம் போதும். இறந்த முறையையும் இடத்தையும் விவரித்தல், ஒரே காரணத்தைச் சுட்டுதல், ஒருவர்மேல் பழி சுமத்துதல் ஆகியவற்றை அங்கே தவிர்த்து, இறந்தவரின் வாழ்வையும் இழப்பின் பாரத்தையும் பேச இடமளிக்க வேண்டும். உபவாசக் கூட்டத்தில் சாட்சி கூறும்படி அவர்களை அழைத்தல் கூடாது. பல மாதங்களுக்குப் பின் தாமே முன்வந்தாலும், குடும்பத்தில் ஏனையோரின், குறிப்பாகப் பிள்ளைகளின், ஒப்புதலை அறிய வேண்டும். பேசி முடித்த இரவில் அவர்களைத் தனியே விடலாகாது. அவர்களுள் ஒருவர் தம் உயிரைப்பற்றியே வெறுப்புற்றுப் பேசினால், அதை நேராகக் கேட்டறிந்து, உடனிருந்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் ஆயரின் கடமை.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்தனர். தீர்ப்புச் சொல்லத் தொடங்கியபோதே அவர்கள் தவறினர். திருச்சபை நெடுங்காலம் அவர்களுடைய பேச்சையே பின்பற்றியது. அந்த ஏழு நாள்களை நாம் இனிக் கற்றுக்கொள்ள வேண்டும்.