மூடுவது வேறு, அழிப்பது வேறு

இரும்புலியூரில், ஜிஎஸ்டி சாலையிலிருந்து பைபாஸ் பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் அப்போது குடியிருந்தேன். காலமான ஒரு நண்பரின் கட்டுரைத் தளம் என் சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி போன் செய்தார். "மூடிடுங்க தம்பி. ஆனா அழிச்சிடாதீங்க."

அந்த வித்தியாசத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அப்பாச்சி வந்தது 1995இல். 1997 ஜனவரியில் வெளியான எச்டிடிபி 1.1 வரையறை, பிரவுசர் எந்தத் தளம் வேண்டுமென்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும் என்றது. ஒரே ஐபி முகவரியில் பல தளங்கள் குடியேறின. எல்லாவற்றின் கான்ஃபிக்கும் ஒரே கோப்பில் இருந்தால், ஒன்றை நிறுத்த அதன் வரிகளை வெட்டணும். கை தவறினால் மற்றவையும் படுத்துவிடும்.

டெபியன்காரர்கள் அதை இரண்டு ஃபோல்டராக்கினார்கள். ஒன்றில் எல்லாத் தளங்களின் கோப்புகளும். மற்றதில், இயங்குபவற்றுக்கான சிம்லிங்க் மட்டும். சிம்லிங்க் என்பது 1983இன் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் தந்த சுட்டி. ஏ2என்சைட் கட்டளை அதைப் போடும். ஏ2டிஸ்சைட் அதை எடுக்கும். மூலக் கோப்பு அசையாது.

ஏ2டிஸ்சைட் அடித்து, அப்பாச்சியை ரீலோட் செய்தேன். நண்பரின் முகவரியைத் திறந்தால் என் தளம் வந்தது! கேட்ட பெயர் இல்லையென்றால், வரிசையில் முதலில் இருப்பதை அப்பாச்சி காட்டும். அவர் வீட்டுக் கதவைத் தட்ட, நான் எட்டிப் பார்ப்பதுபோல் கூசியது. 'இந்தத் தளம் மூடப்பட்டுள்ளது' என்று ஒரு பக்கம் எழுதி, அதை முதலாவதாக வைத்தேன்.

அவருடைய கோப்பு இன்னும் அங்கேயே இருக்கு. அக்கா கேட்டால் ஒரு கட்டளை, ஒரு ரீலோட். இன்னும் கேட்கவில்லை.