பார்மாவில் வளர்ந்த ஆட்டம்

அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்தின் தொழில்முறை வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1997-இலிருந்து தொடங்குகிறார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம் எட்டு அணிகளோடு டபிள்யூ.என்.பி.ஏ. லீக் ஆடத் தொடங்கியது. ஆகஸ்ட் 30 அன்று ஹூஸ்டன் காமெட்ஸ் அணி நியூயார்க் லிபர்ட்டியை 65-51 என்று வென்று முதல் கோப்பையைத் தூக்கியது. அந்த ஆட்டத்தில் 25 புள்ளிகள் எடுத்தவர் சிந்தியா கூப்பர். லீக்கிலேயே ஆட்டத்துக்குச் சராசரியாக அதிகப் புள்ளி எடுத்தவர், சீசனின் சிறந்த ஆட்டக்காரர், இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் என்ற மூன்று பெருமையும் அவருக்கே போயின. அப்போது அவருக்கு வயது 34. லீக்கை நடத்தியவர்கள் விளம்பரத்துக்கென்று முன்னிறுத்திய முகங்கள் லிசா லெஸ்லி, ரெபெக்கா லோபோ, ஷெரில் ஸ்வூப்ஸ் ஆகியோர்; கூப்பர் அந்த வரிசையில் இல்லை. மற்றவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயதில் ஒருவர் எங்கிருந்தோ வந்து ஒரு புதிய லீக்கையே கைக்குள் கொண்டுவந்துவிட்டார் என்றால், அந்த ‘எங்கிருந்தோ’ எது என்று தேடத்தானே வேண்டும்? தேடினால் அது வட இத்தாலியின் பார்மா நகரத்தில் போய் நிற்கிறது. 1997-இல் அமெரிக்காவில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆட்டம் அதற்கு முன்பே ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் வெளிநாடுகளில் வளர்ந்தது. அந்த ஆண்டுகளை விட்டுவிட்டு எழுதும் வரலாறு பாதி வரலாறுதான்.

வெளிநாடு போக வைத்தது எது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. கல்வி நிறுவனங்களில் பால் வேறுபாடு காட்டக்கூடாது என்று 1972-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கக் கல்லூரிகள் பெண்களுக்கும் விளையாட்டு உதவித்தொகை தர ஆரம்பித்தன. பத்தே ஆண்டுகளில் முதல்தர வீராங்கனைகள் திரண்டு வந்தார்கள். பட்டம் வாங்கியபின் ஆடுவதற்குத்தான் உள்ளூரில் இடமில்லை. 1978-இல் தொடங்கிய முதல் பெண்கள் தொழில்முறை லீக் மூன்று சீசனில், 1981-இல், மூடப்பட்டது. 1984-இல் இன்னொரு முயற்சி ஒரே சீசனோடு நின்றது. அதன்பின் 1996 வரை நிலைத்த லீக் என்று ஒன்று இல்லவே இல்லை. கூப்பர் படித்த தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1983, 1984 என்று அடுத்தடுத்து தேசிய சாம்பியன் ஆனது. ஆனால் அந்த அணி அதன் நட்சத்திர ஆட்டக்காரர் செரில் மில்லரின் அணியாகவே அறியப்பட்டது. கூப்பர் அவருக்குத் துணையாக ஓடி, தடுத்து, பந்தைக் கொடுத்து ஆடியவர். 1986-இல் படிப்பு முடிந்ததும் ஸ்பெயினின் செகோவியாவில் ஒரு சீசன். அடுத்த ஆண்டு பார்மா. அங்கே ஏழு சீசன் ஆடிவிட்டு, சிசிலித் தீவின் அல்கமோ என்ற சிறிய ஊருக்குப் போனார்.

அன்றைய இத்தாலிய லீக் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கவேண்டும். அணிகளுக்குப் படியளந்தவை கம்பெனிகள்; அணியின் பெயரே கம்பெனியின் பெயராக இருக்கும். விசென்சா அணி ‘ப்ரிமிஜி’ என்ற குழந்தைகள் காலணிப் பெயரில் ஆடியது. செசேனா அணி ‘கோனாட்’ என்ற மளிகைக் கூட்டுறவின் பெயரிலும், சிசிலியின் பிரியோலோ அணி ‘எனிமோன்ட்’ என்ற பெட்ரோகெமிக்கல் நிறுவனத்தின் பெயரிலும் ஆடின. இவை ஒப்புக்கு ஆடிய அணிகள் அல்ல. ஐரோப்பிய கிளப் கோப்பையை விசென்சா மட்டும் 1980-களில் ஐந்து முறை வென்றது. 1990-இல் பிரியோலோ, 1991-இல் செசேனா, 1994, 1995-இல் கோமோ. இத்தகைய அணிகளில் வெளிநாட்டுக்காரருக்கு ஒன்றோ இரண்டோ இடம்தான். அந்த இடத்தில் வருகிறவர் மீதே முழுச் சுமையும் விழும். அவருக்குத்தான் சம்பளம் அதிகம். ஆட்டம் இழுபறியானால் பந்து அவர் கைக்குத்தான் வரும். தோற்றால் முதலில் மாற்றப்படுகிறவரும் அவர்தான். கல்லூரியிலும் தேசிய அணியிலும் துணைப்பாத்திரமாகவே வைக்கப்பட்டிருந்த கூப்பரை முதன்மைப் பாத்திரமாக்கியது இந்த ஏற்பாடு. இத்தாலிய லீக்கில் அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற இடத்தைப் பல சீசன்களில் அவர் பிடித்தார். நிலைத்த வேலை இருந்ததால் இருபதுகளின் நடுவிலிருந்து முப்பதுகளின் தொடக்கம் வரை ஒரு ஆண்டுகூட வீணாகாமல் அவரால் ஆடமுடிந்தது. அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் அந்த வயதில் பந்தையே கீழே வைத்திருப்பார்.

‘இத்தாலியில் எதிராளிகள் சுமார்தான்; அங்கே குவித்த புள்ளிகளை எப்படி நம்புவது?’ என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான கேள்விதான். இத்தாலியத் தேசிய அணி 1995 ஐரோப்பியப் போட்டியில் வெள்ளி வென்றது என்று சொல்லி முடித்துவிடலாம். அதைவிட வலுவான சான்று ஆடுகளத்திலேயே இருக்கிறது. கூப்பர் கல்லூரியில் ஆடிய காலத்தில் அமெரிக்கப் பெண்கள் கல்லூரி ஆட்டத்தின் பொது விதியில் மூன்று புள்ளிக் கோடு கிடையாது. அது வந்தது 1987-88 சீசனில், அவர் போனபிறகு. ஐரோப்பாவிலோ 1984-இலிருந்தே வளையத்துக்கு 6.25 மீட்டர் தூரத்தில் கோடு இருந்தது. தொலைவிலிருந்து எறியும் கலையை அவர் அங்கேதான், அந்தக் கோட்டிலிருந்துதான் பழகினார். 1997-இல் புதிய லீக் தன் கோட்டை 6.02 மீட்டரில் போட்டது. பந்திலும் வேறுபாடு உண்டு. சர்வதேச விதியில் 2004 வரை பெண்களும் ஆண்கள் ஆடும் பெரிய பந்தையே ஆடினார்கள். சுற்றளவு சுமார் 75 சென்டிமீட்டர். புதிய லீக் எடுத்துக்கொண்டது சுமார் 72 சென்டிமீட்டர் பந்து. பத்து ஆண்டுகளாகப் பெரிய பந்தைத் தொலைவிலிருந்து எறிந்து பழகிய கைக்கு, சிறிய பந்தும் கிட்டத்தில் கோடும் கிடைத்தன. இதனால்தான் அவருக்கு எளிதாயிற்று என்று சிலர் இதையே திருப்பிச் சொல்லலாம். சொல்லட்டும், அந்த எளிமையை இத்தாலி கொடுத்தது என்பதுதான் நான் சொல்லவருவதும். எதிராளிகள் சுமாராக இருந்ததால் வந்த பெயர் என்றால், அமெரிக்காவின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களுக்கு எதிரே 34 வயதிலிருந்து 37 வரை அது நிலைத்திருக்காது. 1997, 1998, 1999 மூன்று ஆண்டும் லீக்கில் புள்ளிச் சராசரியில் அவரே முதலிடம். 1997 முதல் 2000 வரை நான்கு கோப்பையும் ஹூஸ்டனுக்கு, நான்கு இறுதிப் போட்டியிலும் சிறந்த ஆட்டக்காரர் அவரே.

கூப்பர் மட்டும் விதிவிலக்கும் இல்லை. அதே 1997 இறுதி ஆட்டத்தில் நியூயார்க் அணியின் பந்தை நடத்திய தெரசா வெதர்ஸ்பூன், லீக்கின் முதல் சிறந்த தடுப்பாட்டக்காரர், இத்தாலியிலும் மாஸ்கோவிலும் ஆடிவிட்டு வந்தவர். லீக் பிறப்பதற்கு வழிவகுத்தது 1995-96 அமெரிக்கத் தேசிய அணி. உலகெங்கும் 52 ஆட்டங்கள் ஆடி ஒன்றிலும் தோற்காமல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது. அதில் தெரசா எட்வர்ட்ஸ் இத்தாலி, ஜப்பான், ஸ்பெயின், பிரான்ஸ் என்று சுற்றியவர். ரூத்தி போல்டன் சுவீடன், ஹங்கேரி, இத்தாலி பார்த்தவர். இந்தப் பெயர்களை எடுத்துவிட்டால் 1997-இல் லீக்கைத் தொடங்க ஆள் இருந்திருப்பார்கள். தேறிய ஆட்டம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

இன்னொரு மறுப்புக்கு என்னால் பாதிதான் பதில் சொல்லமுடியும். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்களின் வாழ்வைப் பெருமையாகப் பேசுவது, அவர்களைப் போகவைத்த அநீதியை மூடிமறைப்பதாகாதா? போனது விருப்பத்தால் அல்ல, வேறு வழியில்லாமல்தான். அதன் விலையும் பெரியது. கூப்பரின் சிறந்த ஆண்டுகளை அவருடைய சொந்த நாட்டு ரசிகர்கள் பார்க்கவே இல்லை. லீக்கின் ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே 124 ஆட்டம், 2,601 புள்ளி என்றுதான் இருக்கிறது. பார்மாவும் அல்கமோவும் அந்த ஏட்டில் ஏறவில்லை. லீக் வந்தபிறகும் இந்த நிலை முடியவில்லை என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. கோடையில் உள்நாடு, குளிர்காலத்தில் ரஷ்யா, துருக்கி, சீனா என்று வீராங்கனைகள் ஓய்வில்லாமல் ஓடினார்கள். 2015-இல் டயானா டௌராசியை அமெரிக்க சீசனில் ஆடாமல் ஓய்வெடுக்கும்படி அவருடைய ரஷ்ய கிளப்பான யெகாதெரின்புர்க் அணியே கேட்டுக்கொண்டது. அங்கே அவர் சம்பளம் சுமார் 15 லட்சம் டாலர், இங்கே சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம் என்று அப்போது செய்தி வந்தது. 2019 ஏப்ரலில் ஹங்கேரியின் ஷோப்ரோனில் நடந்த ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் பிரியானா ஸ்டூவர்ட்டின் குதிகால் தசைநாண் அறுந்து, அந்த ஆண்டின் அமெரிக்க சீசன் முழுவதும் போனது. 2022 பிப்ரவரியில் அதே யெகாதெரின்புர்க் அணிக்கு ஆடத் திரும்பிய பிரிட்னி கிரைனர் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதானார். ஒன்பது ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டு, கைதிகள் பரிமாற்றத்தில் டிசம்பரில்தான் விடுபட்டார். ஆகவே போகவைத்த நிர்ப்பந்தத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நிர்ப்பந்தம் அநீதியானது என்பதற்காக, அதற்குள் நின்று அவர்கள் கற்றதையும் சாதித்ததையும் கணக்கிலிருந்து தள்ளிவிட்டால் அது அவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

இப்போது நிலைமை மாறிவருகிறது. லீக்கும் வீராங்கனைகளும் செய்துகொண்ட 2020 ஒப்பந்தம் உள்நாட்டுச் சம்பளத்தை உயர்த்தியது. கூடவே, வெளிநாட்டு சீசனை முடித்துவிட்டுத் தாமதமாக வருகிற அனுபவசாலிகளுக்கு 2023-இல் அபராதம், 2024-இலிருந்து சீசன் முழுவதும் தடை என்று விதியும் வைத்தது. 2025 ஜனவரியில் ஸ்டூவர்ட்டும் நபீசா காலியரும் சேர்ந்து நிறுவிய ‘அன்ரைவல்ட்’ லீக் மயாமியில் குளிர்கால ஆட்டத்தைத் தொடங்கியது. முன்னணி வீராங்கனைகளுக்கு இது நல்ல காலம், வரவேற்கவேண்டியதும்கூட. ஆனால் கூப்பர் 1986-இல் முன்னணியில் இல்லை. துணையாக ஆடிய ஒரு கல்லூரிப் பெண். இன்று ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர் என்ற கணக்கில் அமெரிக்க லீக்கில் இடம் கிடைக்காத அதே மாதிரிப் பெண்கள் இப்போதும் இத்தாலிக்கும் துருக்கிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் அங்கே எடுக்கும் புள்ளிகளை உள்நாட்டு ஏடு இன்னமும் எழுதுவதில்லை.