மிருக வைத்தியரின் 35 மணித்தியாலங்கள்: பட்டத்திற்குப் பின்னும் தொடரும் படிப்பு

எமது வீடுகளில் பட்டமளிப்பு விழா என்றால் அதுவே படிப்பின் முடிவு. அங்கியும் தொப்பியுமாக எடுத்த படம் வரவேற்பறைச் சுவரில் ஏறியதும் "இனிப் பிள்ளை உழைக்கட்டும்" என்று பெற்றோர் நிம்மதியாக மூச்சு விடுவர். வைத்தியத்திலும் சட்டத்திலும் கணக்கியலிலும் இந்த நினைப்பு எப்போதோ காலாவதியாகிவிட்டது. மிருக வைத்தியத்திலும் அப்படியே.

பிரித்தானியாவில் பொதுச் சிகிச்சையில் ஈடுபடும் மிருக வைத்தியர்களின் தொடர் தொழிற்கல்வி எப்படி நடக்கிறது, யார் அதைக் கண்காணிக்கிறார்கள், செலவு யாருடையது, இதனால் நாய்க்கும் பூனைக்கும் என்ன பயன் என்பவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம். இத்துறையைப் படிக்க விரும்பும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும், செல்லப்பிராணி வளர்ப்போருக்கும், ஊரில் பட்டம் பெற்று இங்கு வந்திருப்போருக்கும் இது உதவும் என நம்புகிறோம்.

பொது வைத்தியரின் சுமை

மனித வைத்தியத்தில் குடும்ப வைத்தியர் ஓர் இனத்தை மட்டுமே பார்க்கிறார். மிருக வைத்தியத்தில் அதே பொறுப்பில் இருப்பவர் காலையில் நாயின் தோல் வருத்தத்தையும், பத்து நிமிடம் கழித்து பூனையின் சிறுநீரகத்தையும், அதன்பின் முயலின் பல்லையும் பார்க்க வேண்டும். மதியத்திற்குப் பின் மயக்கமருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சையும் அவரே செய்வார். எக்ஸ்ரே எடுப்பவரும், அதை வாசிப்பவரும், மருந்து வழங்குபவரும் பல சமயம் அவரேதான்.

நிபுணர் ஒருவர் தன் துறையில் வெளிவரும் புதிய ஆய்வுகளை மட்டும் பின்தொடர்ந்தால் போதும். பொது வைத்தியரோ எல்லாத் துறைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கக்கூடிய இடத்தில் நிற்கிறார். பின்தங்கியது அவருக்கே தெரியாமல் போவதும் உண்டு. தொடர் கல்வியின் தேவை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அறிவு எவ்வளவு வேகமாகப் பழசாகிறது?

எப்.ஐ.பி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பூனை நோயை எடுத்துக்கொள்வோம். பூனைகளுக்கே உரிய ஒரு கொரோனா வைரஸ் உடலுக்குள் மாற்றமடைந்து இதை உண்டாக்குகிறது. இளம் பூனைகளே அதிகம் பாதிக்கப்படும். பல பூனைகளுக்கு வயிற்றில் நீர் கோத்துவிடும். 2015 இல் பட்டம் பெற்ற ஒருவர் இந்நோய் வந்தால் ஏறத்தாழ எப்போதும் மரணம்தான் என்று படித்திருப்பார். துன்பம் நீளாமல் கருணைக்கொலை செய்வதே பல சமயம் சொல்லப்பட்ட வழி.

2019 இல் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பெடர்சன் குழுவினர், ஜி.எஸ்.441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்த ஆய்வை வெளியிட்டனர். பெரும்பாலான பூனைகள் பிழைத்தன. பிரித்தானியாவில் 2021 முதல் இம்மருந்தும், கோவிட் காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்ட ரெம்டெசிவிரும் பூனைகளுக்குச் சட்டபூர்வமாகக் கிடைக்கத் தொடங்கின. வழமையான சிகிச்சைக் காலம் 84 நாள். வயிற்றிலோ நெஞ்சிலோ நீர் கோத்த பூனைகளில் 42 நாள் சிகிச்சையும் அதே பலனைத் தந்ததாக 2024 இல் இன்னோர் ஆய்வு வெளியானது. சிகிச்சைக் காலம் பாதியானால் மருந்துச் செலவும் பெருமளவு குறையும்.

மரணத் தீர்ப்பாக இருந்த நோய் சில ஆண்டுகளில் குணமாக்கக்கூடிய நோயாகிவிட்டது. 2021 இற்குப் பின் எதையும் புதிதாக வாசிக்காத வைத்தியரிடம் போகும் குடும்பத்திற்கு இந்தச் செய்தி கிடைக்காமலே போகலாம். அங்கே பிழைக்க வேண்டிய பூனை செத்துப்போகும்.

புதிய ஆபத்துகளும் அப்படியே. நாய்களின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் பபேசியா நோய் வெளிநாடு சென்றுவந்த நாய்களுக்கே உரியதாகக் கருதப்பட்டது. 2015 இன் கடைசியிலும் 2016 இன் தொடக்கத்திலும் எசெக்ஸ் மாவட்டத்தின் ஹார்லோ பகுதியில், நாட்டை விட்டு வெளியே போகாத நாய்களிடமே உண்ணி மூலம் அது பரவியிருந்தது தெரியவந்தது. "வெளிநாடு போனீர்களா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்ததும் அந்நோயை ஒதுக்கிவிடும் பழக்கம் அன்றிலிருந்து பாதுகாப்பானதல்ல.

விதி என்ன சொல்கிறது?

1844 இல் அரச பட்டயம் பெற்ற மிருக வைத்தியர்களுக்கான ரோயல் கல்லூரியே இங்கு இத்துறையை ஒழுங்குபடுத்துகிறது. ஆர்.சி.வி.எஸ். என்பது அதன் சுருக்கப் பெயர். கல்லூரி என்ற பெயர் இருந்தாலும் அங்கே மாணவர்கள் இல்லை. அது பதிவேட்டைப் பேணும் அமைப்பு. 1966 ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்பதிவேட்டில் பெயர் உள்ளவரே மிருக வைத்தியராகத் தொழில் செய்யலாம்.

பதிவிலுள்ள வைத்தியர் ஆண்டொன்றுக்கு 35 மணித்தியாலமும், மிருக வைத்தியத் தாதி 15 மணித்தியாலமும் தொடர் கல்வியில் செலவிட வேண்டும். முன்பு இது மூன்று ஆண்டுகளுக்கு 105 மணித்தியாலம் என்றும், தாதியருக்கு 45 என்றும் இருந்தது. 2020 ஜனவரியில் ஆண்டுக் கணக்காக மாறியது. கணக்காளர் கண்ணால் பார்த்தால் சராசரி மாறவில்லை. நிலுவை வைக்கும் வசதிதான் போய்விட்டது. முதல் இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு மூன்றாம் வருடக் கடைசியில் ஓடி ஓடி முடிப்பதற்கு இப்போது இடமில்லை.

35 மணித்தியாலத்தை 52 வாரத்தால் வகுத்தால் வாரத்திற்கு ஏறத்தாழ 40 நிமிடம் வரும். பகுதிநேரமாக வேலை செய்வோருக்கும் இதே அளவுதான். மகப்பேறு, நோய் போன்ற காரணங்களுக்காக ஆறு மாதம் வரை இடைநிறுத்த வழியுண்டு. பதிவுகளைக் கல்லூரி கேட்டுப் பரிசோதிக்கலாம். தொடர்ந்து பதிலளிக்காமல் இருப்பவர்மீது ஒழுங்கு நடவடிக்கை வரக்கூடும்.

எது கணக்கில் சேரும்?

கட்டணம் கட்டிப் போகும் மாநாடும் வகுப்பும் மட்டுமே சேரும் என்பது பரவலான தவறான எண்ணம். ஆய்விதழ் வாசிப்பது, இணையவழி விரிவுரை கேட்பது, அனுபவமுள்ள ஒருவரின் சத்திரசிகிச்சையை அருகிருந்து பார்ப்பது, கிளினிக்கில் கூடி ஒரு கடினமான நோயாளியைப் பற்றிக் கலந்துரையாடுவது ஆகிய எல்லாமே சேரும். தன் வேலைக்குப் பொருந்தும் கற்றலாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

2022 முதல் இன்னொரு கடமையும் சேர்ந்தது. திட்டமிடு, செய், பதிவு செய், சிந்தித்துப் பார் என்ற நான்கு படிகளையும் வைத்தியர் பின்பற்ற வேண்டும். கடைசிப் படிதான் புதிது. கற்றதால் தன் சிகிச்சையில் என்ன மாறியது என்று அவரே சுருக்கமாக எழுத வேண்டும்.

கணக்கியலிலும் இதற்கு ஒப்பானது உண்டு. ஏ.சி.சி.ஏ. உறுப்பினர்கள் ஆண்டுக்கு 40 அலகுகள் சேர்க்க வேண்டும்; அவற்றில் 21 அலகுகளுக்கு ஆதாரம் வேண்டும். நாமும் எமது துறையினரும் அறிந்த ஓர் உண்மை என்னவென்றால், ஒரு திரையில் விரிவுரையை ஓடவிட்டு மறு திரையில் வற் கணக்கு முடிப்பவருக்கும் ஒரு மணித்தியாலம் பதிவாகும். மணித்தியாலம் என்பது செலவுப் பக்கத்தில் எழுதும் பதிவு. வரவு எங்கே என்று தேட வேண்டும்.

வரவை அளக்கும் வழி

அதை அளக்க மிருக வைத்தியத்தில் நல்லதொரு முறை இருக்கிறது. அதன் பெயர் மருத்துவக் கணக்காய்வு. பேரில் மட்டுமல்ல, செய்முறையிலும் எமது தொழிலின் உறவு அது.

உதாரணமாக, ஒரு கிளினிக் கடந்த ஆறு மாதத்தில் செய்த கருத்தடைச் சத்திரசிகிச்சைகளின் பதிவுகளை எடுத்து, எத்தனை பிராணிகளுக்குக் காயத்தில் தொற்று, வீக்கம், தையல் பிரிவு ஏற்பட்டது என்று எண்ணும். ஆர்.சி.வி.எஸ். நொலெஜ் என்ற அறநிறுவனம் நாடு முழுவதிலுமிருந்து இத்தகைய எண்ணிக்கைகளைத் திரட்டி வருவதால், தமது விகிதத்தைத் தேசிய விகிதத்துடன் ஒப்பிடலாம். தமது விகிதம் கூடியிருந்தால் காரணம் தேட வேண்டும். கை கழுவும் முறையா, நாய் காயத்தை நக்காமல் தடுக்கும் கழுத்துக் கூம்பைக் கொடுக்கவில்லையா, வீட்டுக்காரருக்குச் சொன்ன அறிவுரை போதவில்லையா? ஒன்றைத் திருத்திவிட்டு, ஆறு மாதம் கழித்து மீண்டும் எண்ண வேண்டும்.

இதற்குச் செலவாகும் நேரமும் அந்த 35 மணித்தியாலத்தில் சேரும். எமது பார்வையில் பொதுச் சிகிச்சை வைத்தியருக்கு மிகப் பயன்தரும் கல்வி இதுதான். விடுதியில் நடக்கும் மாநாட்டில் அரிய நோய்களைப் பற்றிக் கேட்கலாம். கணக்காய்வோ அவர் அன்றாடம் செய்யும் வேலையில் எங்கே ஒழுகுகிறது என்று காட்டும். செலவும் குறைவு.

இலவசமாகக் கிடைக்கும் கல்வியில் ஓர் எச்சரிக்கை தேவை. மருந்து, உணவு நிறுவனங்கள் மதியச் சாப்பாட்டோடு கிளினிக்குகளில் விளக்கவுரை நடத்துவதுண்டு. அவற்றில் நல்ல தகவலும் இருக்கும், விற்பனை நோக்கமும் இருக்கும். 35 மணித்தியாலத்தையும் இப்படியே நிரப்பும் வைத்தியரின் அறிவு சாய்ந்த தராசாகிவிடும்.

புதிய பட்டதாரிகள்

2021 முதல் புதிய பட்டதாரிகளுக்கு வெட்.ஜி.டி.பி. என்ற திட்டம் நடைமுறையில் உள்ளது. அவர்கள் வேலை செய்யும் இடத்தில், அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் வாரம் ஒரு மணித்தியால அளவு நேரத்தை அவர்களுக்காக ஒதுக்க வேண்டும். இத்திட்டத்தில் செலவிடும் நேரம் ஆண்டுத் தேவையிலும் சேரும்.

பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். முதல் வேலையைத் தெரியும்போது எம்மவர் முதலில் கேட்பது சம்பளம். சம்பளம் இரண்டாயிரம் பவுண் கூடுதலாக இருந்து, தனியே இரவுக் கடமையில் விடப்பட்டு, கேட்பதற்கு ஆளில்லாமல் பிள்ளை தவித்தால் அந்தக் கூடுதல் பணத்திற்கு அர்த்தமில்லை. ஐந்து வருடத்திற்கும் மேல் உழைத்துப் பெற்ற பட்டத்தை, வேலை தொடங்கிய சில வருடங்களிலேயே கைவிட வைப்பது இந்தத் தனிமைதான். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மூன்று விடயங்களைக் கேட்கச் சொல்லுங்கள்: ஆலோசகர் யார், அவருடைய நேரம் உண்மையில் ஒதுக்கப்பட்டுள்ளதா? சம்பளத்தோடு கூடிய பயிற்சி நாள்கள் எத்தனை? ஆண்டுக்கு எவ்வளவு பணம் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டுள்ளது?

மேலே போக விரும்புவோருக்கு

பொதுச் சிகிச்சையில் இருந்தபடியே உயர் மிருக வைத்தியச் சான்றிதழ் ஒன்றைப் படிக்கலாம். அது 60 புள்ளிகள் கொண்டது. 10 புள்ளிக்கு 100 மணித்தியாலம் என்பது கணிப்பு. ஆகவே மொத்தம் 600 மணித்தியாலம். அதன்பின் உயர்நிலைப் பயிற்சியாளர் என்ற தகுதிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு மேலே இருப்பது நிபுணர் தகுதி. இவ்விரண்டும் ஆயுட்காலப் பட்டங்கள் அல்ல. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் விண்ணப்பித்துத் தக்கவைக்க வேண்டும்.

செலவும் வரியும்

வேலை வழங்குநர் தொழில் சார்ந்த பயிற்சிக்குப் பணம் கட்டினால் ஊழியருக்கு அதில் வரி இல்லை. ஊழியர் தன் கையிலிருந்து கட்டினால் பெரும்பாலும் வரிக்கழிவு கிடைக்காது. ஆனால் பதிவேட்டில் பெயரைத் தக்கவைக்கும் ஆண்டுக் கட்டணத்தைத் தானே கட்டினால் அதற்குக் கழிவு கோரலாம். பலர் இதைக் கோராமலே விட்டுவிடுகின்றனர்.

சுயதொழிலாகக் கிளினிக் கிளினிக்காகச் சென்று வேலை செய்வோர், இருக்கும் திறனைப் புதுப்பிக்கும் பயிற்சிச் செலவைத் தொழிற்செலவாகக் காட்டலாம். தற்போதைய தொழிலோடு தொடர்புடைய புதிய திறனும் இதில் அடங்கும் என்று வரித்திணைக்களம் 2024 இல் தன் வழிகாட்டலைத் தெளிவுபடுத்தியது. பற்றுச்சீட்டு, நிகழ்ச்சி நிரல், பயணச் சீட்டு ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருப்பது நல்லது. கல்லூரிக்குக் காட்டும் ஆதாரமும் வரித்திணைக்களத்திற்குக் காட்டும் ஆதாரமும் பெரும்பாலும் ஒன்றேதான்.

ஊரில் படித்து வந்தவர்கள்

இலங்கையில் மிருக வைத்தியப் பட்டம் தரும் ஒரே பீடம் பேராதனையில் உள்ளது. அப்பட்டம் இங்கு நேரடியாக ஏற்கப்படுவதில்லை. ஆங்கில மொழித் தகுதியைக் காட்டி, கல்லூரியின் சட்டரீதியான உறுப்புரிமைத் தேர்வில் எழுத்துப் பகுதியிலும் செயன்முறைப் பகுதியிலும் சித்தியடைய வேண்டும். தேர்வுக்குக் காத்திருக்கும் காலத்தில் கிளினிக் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தால் இந்நாட்டு மருந்துப் பெயர்களும், வீட்டுக்காரரோடு பேசும் முறையும், பதிவு எழுதும் பழக்கமும் கைவரும். நாற்பது வயதில் மறுபடி தேர்வெழுதுவது கௌரவக் குறைவு என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறோம்: இங்கே பிறந்து படித்தவரும் தன் 60 ஆவது வயதிலும் 35 மணித்தியாலம் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பிராணி வளர்ப்போர் கேட்கக்கூடியவை

வைத்தியரிடம் சான்றிதழ் கேட்டுச் சங்கடப்படுத்தத் தேவையில்லை. "இந்த நோய்க்கு அண்மையில் ஏதாவது புதிய சிகிச்சை வந்துள்ளதா?", "உங்கள் கிளினிக்கில் இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின் எத்தனை பிராணிகளுக்குச் சிக்கல் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பீர்களா?", "நிபுணரிடம் அனுப்பினால் என்ன கூடுதலாகக் கிடைக்கும்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். நல்ல வைத்தியர் இக்கேள்விகளால் கோபப்படமாட்டார். "எனக்கு உடனே தெரியவில்லை, பார்த்துவிட்டு நாளை தொலைபேசியில் சொல்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவரை விட்டுவிடாதீர்கள். அன்றிரவு அவர் வாசிக்கும் அரைமணி நேரமும் அந்த 35 இல் சேரும். அதன் பயன் உங்கள் பிராணிக்கே கிடைக்கும்.