கலோரிக் கணக்கும் வீட்டு ஆழாக்கும்

கலோரி என்ற சொல் பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்தது. பாரிசில் பாடம் நடத்திய நிக்கோலா கிளெமான் என்பவர், 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில், நீராவி இயந்திரங்களை விளக்கும்போது இதைப் பயன்படுத்தினார். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம் ஒரு கலோரி. பின்னால் வந்தவர்கள் கிலோவைக் கிராமாக்கி இன்னொரு கலோரியையும் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு 'கிராந்த் கலோரி', 'பெத்தித் கலோரி' என்று இரண்டும் பாடம். சாப்பாட்டு விஷயத்தில் பேசப்படுவது பெரியது.

அதற்கும் முன்னோடி லவுவாசியே. இங்கிலீஷ் வழியில் படித்தவர்களுக்கு லவாய்சியர். 1782-83 குளிர்காலத்தில் லப்லாசுடன் சேர்ந்து, பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் ஒரு கினிப் பன்றியை வைத்து, அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார். உயிருள்ள உடம்பும் அடுப்பு போல எரிகிறது என்று காட்டிய மனிதர். அரசுக்கு வரி வசூலித்துக் கொடுத்த கம்பெனியில் பங்கு வைத்திருந்ததால் 1794இல் தலையை இழந்தார். பிறகு அமெரிக்காவில் அட்வாட்டர், மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4, கொழுப்பு 9 என்று வாய்ப்பாடு போட்டார். இன்றும் அதுதான்.

நம் சாப்பாடு இந்தக் கணக்குக்குள் வந்தது குன்னூரில். அங்கே பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில், 1918இல், ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். பிற்பாடு எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டைப் போட்டுப் பார்த்தார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் முதலிடம். மதராஸ் சாப்பாடு தின்றவை கடைசி. நமக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் தீட்டிய அரிசியையே மலைபோல் சாப்பிட்டு, பாலும் காயும் பெயருக்குத் தொட்டுக்கொண்ட காலம் அது.

1935இல் இயக்குநராக வந்த அய்க்ராய்டு, 1937இல் நம் உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டார். ஹெல்த் புல்லட்டின் எண் 23. இளைப்பதற்காகப் போட்ட அட்டவணை இல்லை அது. போதுமான சாப்பாடு எது என்று திட்டமிடுவதற்காகப் போட்டது. வங்காளப் பஞ்சத்தை விசாரித்த கமிஷனிலும் அவர் ஓர் உறுப்பினர். குன்னூர் ஆய்வகம்தான் பின்னாளில் ஐதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று.

1979இல் திட்டக்குழுவின் பணிக்குழு, ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிராமத்தில் 2,400 கலோரி, நகரத்தில் 2,100 என்று வைத்து வறுமைக்கோட்டை வரைந்தது. மாதிரிக் கணக்கெடுப்புக்காரர்கள் யாருடைய தட்டையும் எட்டிப் பார்த்ததில்லை. 30 நாளில் வீட்டில் என்ன அரிசி, என்ன எண்ணெய் செலவானது என்று கேட்டுப் பெருக்கினார்கள்.

ஆபீசில் பேரேடு எழுதிய எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. இன்றைக்கு செல்போனில் 'சாம்பார் ஒரு கப்' என்று போட்டால் ஓர் எண் வருகிறது. யார் வீட்டுச் சாம்பார்? என் மனைவி வைப்பதும் என் தங்கை வைப்பதும் ஒன்றா? சோறும் அப்படித்தான், குழைந்தால் எடை கூடும், உதிரியாக இருந்தால் குறையும். அரிசியாக அளந்தால் தகராறு இல்லை. எங்கள் வீட்டு ஆழாக்கைத் தலைதட்டித் தராசில் வைத்தேன், 140 கிராம். 100 கிராம் அரிசிக்கு 345 என்றால், ஓர் ஆழாக்குக்கு 480 சொச்சம். எண்ணெய் இன்னும் சுலபம். லிட்டருக்கு ஏறக்குறைய 8,200. நான்கு பேருக்கு மாதம் 3 லிட்டர் ஆகிறது. தலைக்கு ஒரு நாளைக்கு 205 கலோரி, தாளிப்பிலும் பொரியலிலுமே போகிறது. அப்பளம் பொரித்து மிஞ்சியதைக் கழித்தாலும் பெரிதாகக் குறையாது.

இந்த வகுத்தலில் ஓர் ஓட்டை உண்டு. வீட்டுக்குள் வந்ததைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால், எல்லாரும் சமமாகச் சாப்பிட்டதாக ஆகிவிடும். என் அம்மா ஆறு பேருக்குப் பரிமாறிவிட்டு, குண்டானில் ஒட்டியிருந்ததைத் தண்ணீர் விட்டுக் கரைத்துச் சாப்பிட்டவர். அந்தக் கணக்குப்படி அவருக்கும் ஒரு முழுப் பங்கு விழுந்திருக்கும்.

அதனால் சுகருக்காக நான் எழுதும் நோட்டில் இரண்டு பத்தி போடுகிறேன், ஒன்று எனக்கு, ஒன்று என் மனைவிக்கு. போன மாதம் அவள் பத்தியில் மதியச் சோறு பல நாள் அரை ஆழாக்குக்கும் கீழே இருந்தது. என்ன என்று கேட்டேன்.

"மிச்சம் இருந்ததைத்தானே போட்டுக்க முடியும்" என்றாள்.